கொடிக்கயிற்றில் ஒரு குடித்தனம்

பஞ்சாங்கத்தைக் கேட்டால் வசந்த ருது என்பது சித்திரை, வைகாசி என்கிறது. கொல்லைப்புறத்துக் குயிலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. மாசி முடியுமுன்பே விடிகாலை நாலரை மணிக்குக் கூவ ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் மாயவரத்துப் பக்கம் யாருக்கும் தூக்கம் கிடையாது. (கூவுகிறவர் ஆண் குயில், சகோதரிகளே! பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டுக்கொண்டு, "கிக் கிக்" என்று கத்தியபடி காக்கைக் கூட்டில் முட்டையிட இடம் பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டுப் பாடுவது ஒருவர், வீடு தேடுவது ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.)

குயில் கூவியதும் நான் பரணிலிருந்து மண் தட்டை இறக்கிவிடுவேன். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலத் தட்டு, இரண்டு அங்குல ஆழம். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், சின்னக் குருவிகள் தவறி விழுந்தால் ஏறத் தெரியாது. நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டால் அதன் மேல் உட்கார்ந்து குடிக்கும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுத் துண்டு. அதில் ஒரு கைப்பிடி அரிசி நொய், கொஞ்சம் கம்பு, இருந்தால் தினை. அவ்வளவுதான் செலவு. மிக்சர், வடை, உப்புப் போட்ட சாதம், ஊறுகாய் எண்ணெய் பட்ட மிச்சம் எதுவும் வைப்பதில்லை. உப்பும் எண்ணெயும் நமக்கே ஆகாதபோது அந்தச் சின்ன வயிற்றுக்கு எப்படி ஆகும்?

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பறவைக்கு வைத்த தண்ணீரில் கொசு வளர்த்துவிடக் கூடாது. டெங்கு கொசு தட்டின் ஓரத்திலேயே முட்டையை ஒட்டிவைக்கும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தினம் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உட்புறத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட்டால் பயமில்லை. சோப்புப் பொடி வேண்டாம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் எச்சம் கழுவுகிற வேலையை அவளிடம் விட வேண்டாம்.

இனி வருகிற விருந்தாளிகள். முதலில் தவிட்டுக்குருவிகள், ஏழெட்டுப் பேர் கூட்டமாக, சண்டை போட்டுக்கொண்டே. பிறகு மைனா ஜோடி. அதுகள் தட்டில் குளிக்கிற குளியலில் பாதித் தண்ணீர் வெளியே போய்விடும். கொண்டைக்குருவி நொய்யைத் தொடாது, எலுமிச்சை மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பப்பாளி பழுத்திருந்தால் அங்கே போய்விடும். குக்குறுவான் கண்ணில் படுவதே அபூர்வம். ஆனால் வெயில் ஏற ஏற "டொக், டொக்" என்று பாத்திரக்கடையில் தட்டுகிற மாதிரி சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்கும். சிட்டுக்குருவி எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அரிசி மண்டி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ. அதுகள் நொய் தின்றாலும் குஞ்சுக்குக் கொடுப்பது புழு பூச்சிதான். ஆகவே குருவி வேண்டும் என்கிறவர்கள் கத்தரிச் செடிக்கு மருந்தடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தேன்சிட்டு மட்டும் நம் தட்டுக்கு வராது. அதற்குச் செம்பருத்திப் பூ போதும். சென்ற வருஷம் அது வந்தது வேறு காரியத்துக்கு.

என் பெண் அப்போது எங்களிடம் இருந்தாள். முதல் தடவை மூன்றாம் மாசத்திலேயே நிற்காமல் போய்விட்டதால், இந்த முறை டாக்டரம்மா அலைச்சலே கூடாது என்று சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டில் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். அதனால் ஐந்தாம் மாசமே இங்கே அழைத்து வந்துவிட்டோம். வந்த பெண் யாரிடமும் பேசுவதில்லை. தூங்குகிறாள், எழுந்திருக்கிறாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தைக்கு ஒரு துணி தைக்கலாமா என்றால், "இப்ப வேண்டாம்மா" என்பாள். ஏன் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை அவள் தைத்து வைத்த இரண்டு சட்டைகள் என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தன.

பங்குனி முதல் வாரம். கொல்லைத் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தவள், "அம்மா, கொடியில என்னமோ குப்பை தொங்குது பாரேன்" என்றாள். துணி உலர்த்துகிற கொடிக்கயிற்றில் முடிச்சுப் போட்டு மிச்சம் விட்ட நுனி ஒரு முழம் தொங்கிக்கொண்டிருக்கும். அதில்தான் ஒட்டடை மாதிரி ஏதோ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேன்சிட்டுப் பெண் வாயில் ஒரு நூலோடு வந்து ஒட்டிவிட்டுப் போனது.

பத்து நாளுக்கு மேல் கட்டியது. பிறந்தகத்துக்கு வந்த நாளாக என் பெண் அவ்வளவு நேரம் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிலந்திக்கூட்டு நூலை எடுத்து வந்து அதையே பசையாக்கி, காய்ந்த நார், பட்டைத் துண்டு, பறக்கிற விதை என்று கண்டதையும் ஒட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெருக்கித் தள்ள வேண்டிய குப்பை. உள்ளே எருக்கம் பஞ்சு மெத்தை. பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம்கூட உண்டு, சாரல் அடிக்காமலிருக்க! ஆண் கூடவே பறந்து வரும். அதன் முதுகு மெரூன், தலையும் தோளும் பச்சையாக மின்னும், வயிறு மஞ்சள், பட்டுப்புடவைக் கடையில் பார்க்கிற கலர். ஆனால் வேலை பெரும்பாலும் பெண்ணுடையதுதான்.

என் பையன் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து சலீம் அலியின் புத்தகத்தைக் கொண்டுவந்தான். 1941-ல் முதல் தடவை வந்த புத்தகம், இன்னும் அச்சாகிறதாம். எனக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம்தான். அவன் வாசித்து அர்த்தம் சொன்னான். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்பது முழுப் பெயர். வேறு புத்தகங்களிலும் தேடிப்பிடித்தான். முட்டை இரண்டு. அடைகாப்பது பதினாலிலிருந்து பதினாறு நாள். பொரிந்த பிறகு ஏறக்குறைய பதினேழு நாள் கூட்டில் வளர்ந்துதான் பறக்கும்.

அன்று இரவு விரல் விட்டு எண்ணினேன். தூக்கம் போய்விட்டது. சித்திரை 9-ஆம் தேதி வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தோம். வீடு முழுக்க டிஸ்டெம்பர் அடிக்கப் பங்குனிக் கடைசியில் ஆள் வருகிறான். நூறு பேருக்குச் சமையல், கோட்டை அடுப்பு அந்தத் தாழ்வாரத்தில்தான். குஞ்சு பறக்கச் சித்திரை நடு ஆகிவிடும்.

"கயிற்றை அவிழ்த்து அந்தக் கறிவேப்பிலை மரத்தில கட்டிட்டாப் போச்சு. இதுக்கு என்ன யோசனை?" என்றார் என் வீட்டுக்காரர். சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் கூட்டை இடம் மாற்றினால் தாய் பெரும்பாலும் தேடி வராது. பழைய இடத்திலேயே சுற்றிவிட்டுப் போய்விடும், முட்டை ஆறிவிடும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு என்றால் வேறு விஷயம். மெதுவாக எடுத்து அதே கூட்டில் வைக்கலாம். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. இறக்கை முளைத்துத் தத்தித் தாவுகிற குஞ்சாக இருந்தால் அதைக்கூடத் தொட வேண்டாம், பூனையை மட்டும் விரட்டினால் போதும். தாய் பக்கத்தில்தான் இருக்கும். வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும்.

என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயசு. காதும் கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. "மாசமா இருக்கிற புள்ளை வீட்டில இருக்கறப்போ கூட்டைக் கலைக்கிறதா? ஏன்டா, உனக்குப் புத்தி இருக்கா?" என்று மகனைப் பிடித்துக்கொண்டார். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் மரம் வெட்டுவதில்லை, தரை தோண்டுவதில்லை என்பதெல்லாம் நம் பக்கத்துப் பழக்கம். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அது கை கொடுத்தது, அவ்வளவுதான். பையன் வேறு, 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குப் போடுகிற சுவிட்ச் பெட்டிக்குள் குருவி முட்டையிட்டதற்காக, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாசத்துக்கு மேல் ஊரே இருட்டில் இருந்ததை எடுத்துச் சொன்னான். "சரி சரி, நம்ம வீடு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு" என்று அவர் வெளியே போய்விட்டார்.

ஆனால் என் கவலை டிஸ்டெம்பர் அல்ல. என் பெண் தினம் காலையில் கண் விழித்ததும் நேரே கொல்லைக்குப் போகிறாள். பெண் சிட்டு உள்ளே உட்கார்ந்து மூக்கை மட்டும் வாசலில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் காபி. அடைகாக்க ஆரம்பித்த நாளைக் காலண்டரில் பென்சிலால் குறித்தாள். பக்கத்திலேயே அவளுடைய ஸ்கேன் தேதியும் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சின்னப் பறவைகளின் கூட்டில் பாதிக்கு மேல் பிழைக்காமலும் போகும். காக்கை இருக்கிறது, பூனை இருக்கிறது, செம்போத்து இருக்கிறது. இவள் இப்படி மனசை வைத்தபிறகு ஒரு நாள் காலையில் கூடு கிழிந்து தொங்கினால்? அந்தச் சனியன் வேறு வீட்டுக் கொடியில் கட்டியிருக்கக் கூடாதா என்று ஒரு இரவு நினைத்ததும் உண்டு.

நினைத்து என்ன செய்ய? ஆக வேண்டியதைப் பார்த்தேன். துணிகளை முன்வாசல் பக்கம் உலர்த்தினோம். அண்டை வீட்டுப் பூனை தூணைப் பிடித்து ஏறாமலிருக்க, பக்கத்திலிருந்த பெஞ்சையும் சாய்த்து வைத்திருந்த ஏணியையும் அகற்றினேன். பெரிய வேலை காக்கைச் சோறுதான். அத்தை தினமும் சாப்பிடுமுன் கொல்லை மதில் மேல் ஒரு உருண்டை வைப்பார். ஐம்பது வருஷப் பழக்கம். சோற்றுக்கு வருகிற காக்கை அப்படியே தாழ்வாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே போகும்? "அத்தை, கொஞ்ச நாளைக்கு வாசல் பக்கம் வைப்போமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் அவரே தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போய், "கா கா" என்று கூப்பிட்டார். காக்கை வந்தது. பித்ருக்களுக்கு வாசல் கொல்லை வித்தியாசம் இல்லை போலிருக்கிறது. நொய்த் தட்டையும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன்.

கண்ணாடியை நீட்டி உள்ளே எத்தனை முட்டை என்று பார்க்கலாமா என்றான் பையன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்?

பங்குனி 28-ஆம் தேதி ஆண் சிட்டு வாயில் ஒரு சிலந்தியோடு வந்தது. அதுவரை வேடிக்கை பார்த்தவர், பொரிந்த நாளிலிருந்து சரியாக வேலைக்கு வந்துவிட்டார்! இரண்டும் மாற்றி மாற்றிப் பூச்சி கொண்டுவரும். போகும்போது வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைத் தூக்கிக்கொண்டு போகும். அது குஞ்சின் மலம், தோல் பை மாதிரி மூடி வெளியே வருமாம். குழந்தை வளர்க்கிறவர்களுக்கு இந்தச் சௌகரியத்தைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். நாலைந்து நாளில் வாசலில் இரண்டு மூக்கு தெரிந்தது. என் பெண் அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன், என்னமோ ஏதோ என்று.

வெள்ளையடிக்க வந்தவரிடம் தாழ்வாரத்தை விட்டுவிடச் சொன்னோம். "அம்மா, பாதி வீடு அடிச்ச மாதிரி இருக்கும்மா, என் பேர் கெட்டுடும்" என்று வருத்தப்பட்டார். கோட்டை அடுப்பைப் பக்கத்து வீட்டு அக்கா தன் கொல்லையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். புகை இந்தப் பக்கம் வராதபடி நடுவில் பழைய பவானி ஜமக்காளம் ஒன்றைக் கட்டினோம். சமையல்காரருக்கு மட்டும் மகா கோபம். தண்ணீருக்கு நடக்க வேண்டியிருந்ததே!

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, விடிகாலை. நான் வாசல் தெளித்துவிட்டு வருகிறேன், அவள் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். "ஒண்ணுதான் இருக்கும்மா." கூடு கிழியவில்லை. வாசல் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் அகன்று இருந்தது. கீழே இறகு கூடக் கிடையாது. முந்தைய சாயங்காலம் கறிவேப்பிலைப் புதரில் செம்போத்து உட்கார்ந்திருந்ததை அத்தை பார்த்திருக்கிறார். செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டாராம்! அதுதானா, வேறு எதுவோ, யார் கண்டது. செம்போத்துக்கும் எங்கேயோ குஞ்சு இருந்திருக்கும்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் தாய்ச் சிட்டு பூச்சியோடு வந்தது, கம்பியில் உட்கார்ந்து இரண்டு தடவை கத்தியது, பிறகு இருந்த ஒன்றுக்கு ஊட்டிவிட்டுப் பறந்தது. மறுபடி வந்தது. அப்புறம் அப்பனும் வந்தது. ஒரு மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள், கொஞ்ச நேரம். நான் பக்கத்தில் போகவில்லை. உள்ளே வந்து, "பசிக்குதும்மா, இட்லி ஆயிடுச்சா?" என்றாள். நாலு இட்லி சாப்பிட்டாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று ஐந்து வகைச் சாதமும் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து மதில் தாண்டி வந்தன. சம்பந்தியம்மா கை கழுவப் போனவர், "ஏன் சம்பந்தி, இங்க மட்டும் சுண்ணாம்பு அடிக்கலை?" என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் பெண், கையிரண்டிலும் கண்ணாடி வளையல் குலுங்க, அவரை அழைத்துப்போய்க் கூட்டைக் காட்டினாள். "நேத்து முந்தா நாள்வரை ரெண்டு இருந்துச்சு அத்தை. இப்ப ஒண்ணு. நல்லா சாப்பிடுது" என்றாள். அவ்வளவு பேச்சு அவள் தன் மாமியாரிடம் பேசி நான் கேட்டதில்லை.

சித்திரை 14-ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு அது வெளியே வந்தது. வாசலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் யோசனை. பிறகு செம்பருத்திக்கு ஒரு தாவு. அங்கிருந்து எலுமிச்சை. தகப்பன் சிட்டு மூன்று நாலு நாள் வரை பின்னாலேயே போய் ஊட்டியது. அன்று மத்தியானம் அவள் என்னிடம் டிரங்குப் பெட்டிச் சாவியைக் கேட்டாள். அந்த இரண்டு சட்டைகளையும் எடுத்துத் துவைத்து, கூடு இருந்த கொடியில் அல்ல, முன்வாசலில் உலர்த்தினாள். ஆனிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. முதலில் போட்டது அந்தச் சட்டைதான், தோள் மட்டும் கொஞ்சம் பெரிசு.

காலிக் கூட்டை என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அவசரப்பட்டுப் பிய்த்தெறிய வேண்டாம். தேன்சிட்டு சில சமயம் பழைய கூட்டையே செப்பனிட்டுக்கொள்ளும். குஞ்சு பறந்து வெகு நாள் ஆகி, கூடும் நைந்து தானாக விழுந்தால், துடைப்பத்தால் தள்ளுங்கள், வெறுங்கையால் வேண்டாம். பேன், உண்ணி இருக்கும். செத்த பறவை எங்கே கிடந்தாலும் அப்படித்தான், பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்துப் புதைத்துவிட வேண்டும். இன்னொன்று, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பச்சைக்கிளியைக் கூண்டில் வாங்கி அடைக்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

எங்கள் கூடு மழைக்காலத்தில் பாதி கரைந்துவிட்டது, ஆனால் விழவில்லை. இந்த வருஷம் மாசி பிறந்ததும் பெண் சிட்டு ஒன்று வந்து அந்த மிச்சத்தை இழுத்து இழுத்துப் பார்த்தது. அதேதானா என்று யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். பத்து கஜம் நைலான் கயிறு வாங்கி வந்து, துணி உலர்த்த வாசல் பக்கம் புதுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.